“சுத்தமா வாங்க” என்று நான் சொன்னது

போன வாரம், இப்போது ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்கப் போகிற நர்ஸ்களான உங்களில் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தபோது, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் காட்டினாள். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சி. கர்ப்பிணியிடம் இதைக் கொடுத்துவிட்டால் போதுமாம், அவளே மாதிரி எடுத்துத் தந்துவிடுவாளாம். பிறப்புறுப்பில் வாழ்கிற அத்தனை கிருமிக்கும் மெஷின் பட்டியல் போட்டுவிடுமாம். நல்ல விஷயம்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. “குச்சியக் குடுக்கதுக்கு முன்னால அவகிட்ட என்ன சொல்லுவ?” காகிதத்தில் எல்லாம் அச்சடித்திருக்கிறது ஆன்ட்டி என்றாள். அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டைப் பக்கம் நர்ஸிங் படித்துவிட்டு டெல்லிக்கு வந்தவள் நான். நான் சொல்லப்போவது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. வீட்டுக்காரர் மத்திய அரசில் குமாஸ்தா, சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். எனக்கு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் பிரிவில் வேலை. ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிப் பிள்ளை தங்காமல் போகிறதே, அதற்கு உள்ளே இருக்கிற கிருமி ஏதாவது காரணமா என்று பார்க்க, எங்கள் பிரிவின் தலைவியான பெரிய டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். மாதிரி எடுக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அதை எப்படி எடுப்பது என்று இங்கே சொல்லப்போவதில்லை, அதற்குப் புத்தகம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு இரண்டு வகைப் பெண்கள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் ஒரு வகை, குடிசைகளில் இருப்பவர்கள் இன்னொரு வகை. குவார்ட்டர்ஸ் பெண்கள் தாங்களாகவே வந்துவிட்டார்கள். குடிசைப் பெண்கள் என்று அவர் தேர்ந்தெடுத்தது ஜங்புராவில் சாக்கடை ஓரமாக இருந்த மதராசி கேம்ப்பை. விழுப்புரம், சேலம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். ஆண்கள் பெரும்பாலும் துப்புரவு வேலை, பெண்கள் சுற்றியிருந்த பங்களாக்களில் பாத்திரம் கழுவி வீடு துடைப்பார்கள். இந்திக்காரச் சமூக சேவகி ஒருத்தி இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினாள். உனக்குத்தான் பாஷை தெரியுமே, நீ போ என்று என்னை அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் பிரிவில் ஒரு ஆயா இருந்தாள். கேம்ப் பெண்கள் யாராவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். “மதராசி” என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சொல்லில் நானும் அடக்கம்தானே, சுருக்கென்று தைக்கும். கோபம் அந்த ஆயாமேல் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அந்தப் பெண்கள்மேல்.

கேம்ப்பில் தண்ணீர்க் குழாயடியில் பெண்களைச் சேர்த்து வைத்துப் பேசினேன். தமிழில் பேசியதுமே அக்கா அக்கா என்று சூழ்ந்துகொண்டார்கள். பரிசோதனை என்ன, எதற்கு என்று எல்லாம் ஒழுங்காகத்தான் விளக்கினேன். பஸ் ஏறப் போகும்போது திரும்பி நின்று, காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். “வாரப்ப சுத்தபத்தமா வாங்க. வடக்கத்தியாளுக முன்னால என் மானத்த வாங்கிராதீங்க.”

வந்தார்கள். பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலை, வழித்து வாரிய தலை, நெற்றியில் பளிச்சென்று குங்குமம். ஆயா மூக்கைப் பொத்தவில்லை. எனக்கு அன்றைக்கு நடையே மாறிவிட்டது. அவர்களில் ஒருத்திதான் பச்சையம்மா. இருபத்திரண்டு வயதிருக்கும், அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது. முதல் பிள்ளையும் இரண்டாவது பிள்ளையும் ஏழாம் மாதத்திலேயே பிறந்து இறந்துபோயின. இது மூன்றாவது. இதுவும் போய்விட்டால் மாமியார் ஊரிலிருந்து வேறு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னாள். உள்ளே எரிச்சலாக இருக்கிறது என்றும் சொன்னாள். கர்ப்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

இரண்டு விஷயங்களை அன்றே பார்த்தேன். கேம்ப் பெண்கள் பலருக்கும் விரல் நுனியும் நகமும் பழுப்பேறி இருந்தன. பாத்திரம் கழுவுகிற கைதானே என்று விட்டுவிட்டேன். சிலரிடம் எடுத்த பஞ்சிலும் லேசான பழுப்பு. அதை எழுதிவைக்கப் படிவத்தில் கட்டம் இல்லை, நானும் எழுதவில்லை.

எங்கள் லேப்பில் ஒரு பஞ்சாபிக்காரர் இருந்தார். பேச்சு குறைவு, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் கழித்து என்னை நிறுத்தி, உங்கள் கேம்ப் ஸ்லைடெல்லாம் காலி சிஸ்டர் என்றார். காலி என்றால் நல்லதுதானே, நோய்க்கிருமி இல்லை என்றுதானே அர்த்தம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கே நீளநீளமாய்ச் சில கிருமிகள் கூட்டமாக இருக்கும், அவைதான் காவல், கர்ப்பிணிக்கு இன்னும் அதிகமாக இருக்கும், அந்தக் காவல்கூட இல்லையே, குச்சி சரியாகப் பட்டதா என்று மெதுவாகக் கேட்டார்.

என் வேலையைக் குறை சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே அவர் கண்ணெதிரில், குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் அதே கையால், அதே வகைக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தேன். ஸ்லைடு நிறையக் கிருமி. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு. அவர் கேட்டது என் கையைப் பற்றி மட்டுமில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. ஸ்லைடு ஏன் காலி என்பதுதான் கேள்வி. அதற்கு நானும் பதில் தேடவில்லை, வேறு யாரும் தேடவில்லை. டாக்டரம்மாவுக்கும் முதலில் சந்தேகம்தான். என் கைமேல் தப்பில்லை என்று ஆனபிறகு, கேம்ப் பெண்களுக்குத் தொற்று இல்லை என்று பதிவேட்டில் எழுதவைத்தார். பச்சையம்மா பெயருக்கு நேரேயும் அதுவே எழுதப்பட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஓடியிருக்கும். பகல் ஒரு மணி, ஓபி முடிகிற நேரம், பெஞ்சுகள் காலி. பச்சையம்மா வந்தாள். அன்று அவளுக்கு வரவேண்டிய நாளில்லை. வேலை செய்கிற பங்களாவில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அடிவயிறு இழுத்துப் பிடித்ததாம், துணியை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள். சேலை முழங்கால் வரை ஈரம், வியர்வை நாற்றம். டூட்டியில் இருந்த இளம் டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். தொற்று இல்லை என்று இருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாயுவாக இருக்கும், வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள், சீட்டு எழுதி அனுப்பிவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார். அவர்மேல் தப்பில்லை, எழுதியிருந்ததைப் படித்தார். அதை எழுதியவள் நான்.

சீட்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஆறரை மாதம். இவளுக்கு இரண்டு முறையும் இதே கணக்கில்தானே போயிற்று என்ற நினைப்பு வந்ததும் பேனா ஓடவில்லை. டாக்டரிடம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு, இன்னொரு முறை மாதிரி எடுத்துவிடலாம் என்று அவளை மேஜைக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“இன்னிக்கி வேணாங்க்கா. நான் கழுவிக்கினு வரல.”

பரவாயில்லை, குளிக்காவிட்டால் என்ன என்றேன். குளிக்கிறது இல்லைக்கா என்று குரலைத் தாழ்த்தினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பங்களாவில் மேம்சாப் காய்கறி கழுவ வைத்திருக்கிற லால் தவா இருக்கிறதே, தண்ணீரில் போட்டால் ஊதாவாக மாறுமே, பட்ட இடம் பழுப்பேறுமே, அந்தப் பொட்டாசியம் பர்மாங்கனேட், அதில் ஒரு சிட்டிகை தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வருவார்களாம். அதைக் கரைத்து, உள்வரைக்கும் போய்க் கழுவுகிற மாதிரி ஒரு ரப்பர் பம்ப்பால் அடிப்பார்களாம். பம்ப்பு முனியம்மா என்கிற பெரியவளுடையது. ஆஸ்பத்திரி நாளில் அது வீட்டுக்கு வீடு போகுமாம்.

“என்னட்டி சொல்லுத? யாருட்டி இதச் செய்யச் சொன்னா?”

“நீங்கதானக்கா சுத்தமா வரச் சொன்னீங்க.”

உட்கார்ந்துவிட்டேன். பழுப்பு நகம், பழுப்புப் பஞ்சு, எரிச்சல், காலி ஸ்லைடு, எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. சமையலறைக் கிருமிநாசினியால் கழுவிய இடத்தில் மாதிரி எடுத்துவிட்டு, இங்கே கிருமியே இல்லை என்று எழுதியிருக்கிறேன். நல்ல காவல் கிருமியையும் சேர்த்துக் கொன்று, ஒரே பம்ப்பை இத்தனை பேரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களை அப்படிச் செய்யவைத்தது நான்.

அவள் அப்போதும் மேஜையில் ஏறவில்லை. இந்தக் கோலத்தில் உங்களுக்குக் காட்டமாட்டேன் என்று அழுதாள். ஆறரை மாதக்காரியைக் கட்டாயப்படுத்துகிற தைரியம் எனக்கு இல்லை, நேரமும் இல்லை. குச்சியை அவள் கையிலேயே கொடுத்துத் திரைக்குப் பின்னால் அனுப்பினேன். எவ்வளவு உள்ளே, எப்படிச் சுற்ற வேண்டும் என்று வெளியே நின்று சொன்னேன். இரண்டே நிமிஷத்தில் எடுத்துத் தந்துவிட்டாள், நான் எடுத்திருந்தாலும் அதைவிட நன்றாக வந்திருக்காது. இன்று நீங்கள் புது வழி என்று சொல்கிறீர்களே, எனக்கு அது அன்றைக்கு வேறு வழியில்லாமல் கிடைத்தது.

லேப்காரர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நான் கேட்டதும் மூடிவைத்துவிட்டு எழுந்தார். ஜல்தி ஜல்தி என்று அவர் தலைக்குமேல் நின்றேன். சாயம் போட்டு, கழுவி, காயவைத்து, குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து என்னைப் பார்க்கச் சொன்னார். நான் அதுவரை மாதிரி எடுப்பேனே தவிர, ஸ்லைடை ஒருநாளும் பார்த்ததில்லை. சீழ் அணுக்கள் கொட்டிக்கிடந்தன. நடுவே உருண்டை உருண்டையாய், சங்கிலி கோத்ததுபோல் கிருமிகள். நீளமான காவல் கிருமி ஒன்றுகூட இல்லை.

டாக்டரம்மா பையை மூடிக்கொண்டிருந்தார். ஸ்லைடில் கண்டதைச் சொன்னேன். உடனே பச்சையம்மாவுக்கு வார்டில் படுக்கை போடச் சொல்லி எழுதினார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, போன முறை எப்படி ஒன்றும் இல்லாமல் போயிற்று என்று கேட்டார். லால் தவா விஷயத்தைச் சொன்னேன். எல்லாருமா என்றார். எல்லாரும்தான் என்றேன். இது அவர்கள் ஊர்ப் பழக்கமா என்று கேட்டார்.

இந்த மாதிரி ஒரு கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். ஆமாம் மேடம், பழக்கம்தான் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. என் பெயர் கெடாது. கேம்ப் பெண்கள் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை என்று பெயர்களை அடித்துவிடுவார்கள், அதன்பிறகு அவர்களை யாரும் கூப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை. பச்சையம்மாவைப் போல உள்ளே சீழோடு இன்னும் எத்தனை பேர் தரை துடைத்துக்கொண்டிருக்கிறார்களோ. வாய்வரைக்கும் வந்துவிட்ட “ஆமாம்” என்ற சொல்லை விழுங்கினேன். பழக்கமில்லை மேடம், சுத்தமாக வரச் சொன்னது நான், அவர்களால் எனக்கு அவமானம் வந்துவிடும் என்று நினைத்துச் சொன்னேன் என்றேன். அவர் திட்டவில்லை. பதிவேட்டைத் திறந்து கேம்ப் பெண்களின் முடிவுகளை ஒவ்வொரு வரியாகத் தானே அடித்தார், நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை எல்லாரும் வரவேண்டும், கழுவாமல் வரவேண்டும், அது உன் பொறுப்பு என்றார்.

மறுநாளே கேம்ப்புக்குப் போனேன். அதே குழாயடி. இனிமேல் லால் தவா வேண்டாம், பம்ப்பைத் தூக்கிப் போடுங்கள், வேலை முடிந்து எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள் என்று சொன்னேன். அவர்கள் முகம் கறுத்துவிட்டது. பம்ப்புக்காரி முனியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அன்னிக்கி சுத்தமா வான்னே. இன்னிக்கி அழுக்கா வான்றே. எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கே?”

விஞ்ஞானம் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்கிற மாதிரி இல்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். அந்த ஆயா மூக்கைப் பொத்தியதையும், அதைப் பார்த்து நான் கூனிப்போனதையும், என் மானத்துக்காகத்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னதையும் சொன்னேன். பச்சையம்மா வார்டில் படுத்திருப்பதையும் சொன்னேன்.

“அப்ப எங்கள பாத்து வெக்கப்பட்டியா?” என்றாள் முனியம்மா.

“ஆமா.”

அவள் நிரம்பிய குடத்தைக் குழாயடியிலிருந்து நகர்த்திவைத்தாள். பிறகு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். திங்கட்கிழமை நான் கேம்ப்புக்கு வந்து, அவர்களோடேயே பஸ் ஏறி, அவர்களோடேயே ஆஸ்பத்திரி முன்வாசல் வழியாக நடந்து, அவர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார வேண்டும். அவர்கள் முறை வரும்போதுதான் எழுந்து அவர்களோடு உள்ளே போக வேண்டும். சரி என்றேன்.

அப்படியே செய்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஈரச் சேலையும் சாம்பல் ஒட்டிய கையுமாக, நடுவில் வெள்ளைச் சீருடையில் நான். பஸ்ஸில் ஒரு அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பெஞ்சில் இருந்தபடியே, இந்தியில், நானும் இவர்களோடுதான் வந்திருக்கிறேன், மூக்கை மூடுவதானால் முதலில் என்னைப் பார்த்து மூடிக்கொள் என்றேன். முந்தானை கீழே இறங்கியது. முனியம்மா என்னைப் பார்க்காமல் என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அன்றைய ஸ்லைடுகள் எதுவும் காலியில்லை. சிலருக்கு நல்ல கிருமி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்குத் தொற்று இருந்தது, மருந்து கொடுத்தோம். லேப்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அச்சா சிஸ்டர், அச்சா என்று குனிந்தபடியே சொன்னார். முதல் தடவை அவர் காலி என்றபோதே நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால் பச்சையம்மாவின் ஒரு மாதம் வீணாகியிருக்காது. எதுவுமே கிடைக்கவில்லை என்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். குச்சியைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பெண் நேற்று என்ன செய்தாள், யார் சொல்லிச் செய்தாள் என்று கேளுங்கள். நீங்களே சொல்லியிருக்கலாம்.

பச்சையம்மாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டு வார்டிலேயே வைத்திருந்தோம். வயிற்று இழுப்பு நின்றது. ஏழாம் மாதம் போயிற்று. எட்டாம் மாதமும் போயிற்று. நான் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன். ஒன்பதாம் மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஊசி காப்பாற்றியதா, படுக்கை காப்பாற்றியதா என்று என்னைக் கேட்காதீர்கள், ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி முடிவு சொல்லக் கூடாது.

செய்தி வந்தபோது ஓபியில் இருந்தேன். போட்டது போட்டபடி மாடிக்கு ஓடினேன். பழந்துணியில் சுற்றி, கறுப்பாய், முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தது பிள்ளை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கொடு, கொடு என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

பச்சையம்மா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மொதல்ல கை கழுவிக்கினு வாங்கக்கா.”

போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன்.